புல்லட் குடிக்கும் அரைச் சொட்டு

சித்தப்பா எனக்குக் கொடுத்த புல்லட் 350, லிட்டருக்கு 24 கிலோமீட்டர்தான் ஓடியது. 1980களின் கடைசியில் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த வண்டி. தன் காலத்தில் 35-க்குக் குறைந்ததே இல்லை என்று சித்தப்பா சத்தியம் செய்வார். அதில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டாலும் 24 ரொம்ப மோசம். ஒரு பட்டறையில் கொண்டுபோய்க் காட்டினேன். “மெயின் ஜெட்ட ஒரு சைஸ் கொறச்சிருவோம் தம்பி, தானா பெட்ரோல் கம்மியாப் போகும்” என்றார்கள். குறைத்தார்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். மைலேஜ் அதே 24. பைபாஸில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வண்டி திணறியதும், இன்ஜின் அனலாகக் கொதித்ததும்தான் மிச்சம்.

ஜெட் என்பது, காற்றில் பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஓட்டை போட்ட பித்தளைத் துண்டு. அந்த ஓட்டையைச் சிறிதாக்கினால் பெட்ரோல் குறையத்தானே வேண்டும்? ஏன் குறையவில்லை?

புல்லட் இன்ஜினின் கொள்ளளவு 346 சிசி. நான்கு கியர் பழைய வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியரில் போகும்போது இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,250 சுற்று சுற்றும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் மூச்சை உள்ளே இழுக்கும். அதாவது நிமிடத்துக்கு 1,125 மூச்சு. லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கிடைக்க வேண்டுமானால், ஒரு மூச்சுக்குப் போக வேண்டிய பெட்ரோல் சுமார் 0.02 மில்லி. கண்ணுக்கு மருந்து விடும்போது விழும் சொட்டில் பாதிகூட இல்லை. இந்த அரைச் சொட்டை அளந்து, பனிபோல உடைத்து, ஓடுகிற காற்றில் கலந்து அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரோ சென்சாரோ கிடையாது. பித்தளையில் சில ஓட்டைகள், ஒரு ஊசி, ஒரு மிதவை, அவ்வளவுதான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் புது பைக்குகளில் இந்த வேலையை கிட்டத்தட்ட முழுக்க, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் எடுத்துக்கொண்டது. பழைய வண்டிக்காரர்களுக்குக் கார்புரேட்டரை விட்டால் வேறு வழியில்லை.

இன்ஜின் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்றுதான் எல்லோரும் சொல்வோம். உண்மையில் வெளிக்காற்றுதான் அதைத் தள்ளிவிடுகிறது. கார்புரேட்டரின் தொண்டை நடுவில் குறுகலாக இருக்கும். காற்று அந்தக் குறுகல் வழியே போகும்போது வேகம் கூடும், வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறையும். கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் மீதோ வெளிக்காற்றின் அழுத்தம் முழுதாக இருக்கிறது. இந்த இரண்டு அழுத்தங்களுக்கும் உள்ள வித்தியாசமே பெட்ரோலை ஜெட் வழியாக மேலே ஏற்றுகிறது. அதனால்தான் கிண்ணத்தில் பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது முக்கியம். மிதவை (ஃப்ளோட்) வளைந்தோ, அதன் வால்வு ஊசி தேய்ந்தோ மட்டம் இரண்டு மில்லிமீட்டர் கூடினால், ஏறவேண்டிய உயரம் அந்த அளவுக்குக் குறைகிறது, பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. காற்று மெதுவாக ஓடும் ஐடிலிங்கிலும் ஊருக்குள் ஓட்டும்போதும் இது நன்றாகத் தெரியும்.

சரி, எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல்? கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிராம் மிச்சமில்லாமல் எரிய எடைக்கணக்கில் 14.7 கிராம் காற்று வேண்டும். நல்ல இழுவை வேண்டுமென்றால் காற்றைக் கொஞ்சம் குறைத்து 12.5 அல்லது 13 என்று வைப்பார்கள். சிக்கனத்துக்கு 15.5, 16 பக்கம் போகலாம். அதற்கு மேலும் காற்றைக் கூட்டினால் கலவை மெதுவாக எரியும், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் நெருப்பு அணைந்திருக்காது. காற்றில் மட்டுமே குளிரும் புல்லட்டுக்கு இது ஆகாது. வால்வு கருகும், சில சமயம் பிஸ்டனும் பிடித்துக்கொள்ளும். நூறு ரூபாய் பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் போய் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி ரீபோர் செய்தவர்கள் உண்டு.

இனி மெயின் ஜெட்டுக்கு வருவோம். புல்லட் 350-இல் இருந்த மிக்கார்ப் மாதிரியான கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் கேபிள் ஒரு உருளையை மேலே தூக்கும். அதுதான் ஸ்லைடு. அதன் அடியில் கூம்பாகச் சரியும் ஒரு ஊசி தொங்குகிறது. ஊசி நீடில் ஜெட் என்ற குழலுக்குள் இறங்கி நிற்கும், மெயின் ஜெட் அந்தக் குழலுக்கும் கீழே. ஐடிலிங்கிலும் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொடும்போதும் வேலை செய்வது பைலட் ஜெட், மெக்கானிக்குகள் சொல்லும் ஸ்லோ ஜெட். அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) திறப்பிலிருந்து கால் வரை ஸ்லைடின் காற்றுப் பக்க விளிம்பில் எவ்வளவு சாய்வாக வெட்டியிருக்கிறது என்பது கணக்கு. கால் முதல் முக்கால் வரை ஊசியின் ராஜ்ஜியம். முக்காலுக்கு மேல் போனால்தான் மெயின் ஜெட்டுக்கு வேலை.

கைப்பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். நான் பார்த்தேன். 50-இல் சீராகப் போகும்போது கோடு கால் பக்கத்தைத் தாண்டவில்லை. மேடும் ஓவர்டேக்கும் தவிர அரைக்கு மேல் போன நேரம் மிகக் குறைவு. என் பெட்ரோல் பெரும்பாலும் ஊசி வழியாகப் போய்க்கொண்டிருந்தது, பட்டறைக்காரர் அதுவரை வேலையே செய்யாத மெயின் ஜெட்டை மாற்றியிருக்கிறார்.

கணக்குக்காக நீடில் ஜெட்டின் உள்விட்டம் 2.60 மி.மீ., அதற்குள் நிற்கும் ஊசியின் விட்டம் 2.50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 0.05 மி.மீ. இடுக்கு. அந்த வளையத்தின் பரப்பு 0.40 சதுர மி.மீ. கீழே இருக்கும் மெயின் ஜெட்டின் ஓட்டை 0.95 மி.மீ. என்றால் அதன் பரப்பு 0.71. அதை 0.90 ஆக்கினால் 0.64. எப்படி வைத்தாலும் ஊசியின் இடுக்கைவிடப் பெரியது. தெருக்குழாயில் வால்வைப் பாதி மூடிவிட்டு, தண்ணீர் வரும் பெரிய பைப்பில் ஒரு இன்ச் குறைத்த மாதிரிதான். மெயின் ஜெட்டின் பரப்பைப் பத்து சதவீதம் குறைத்தும், இந்தத் திறப்பில் போகும் பெட்ரோல் மூன்று சதவீதம்கூடக் குறையாது. முழுத் திறப்பில் மட்டும் பட்டினி. பைபாஸில் என் வண்டி திணறியதும் அதனால்தான்.

இதே கணக்கை இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். ஒற்றை சிலிண்டர் வண்டி அதிர்ந்துகொண்டே இருக்கும். முப்பது வருஷம் ஊசி நீடில் ஜெட்டின் சுவரில் தட்டிக்கொண்டே இருந்தால் ஓட்டை தேயாமல் என்ன செய்யும்? விட்டம் 2.60-இலிருந்து 2.62 ஆனால் போதும். தேய்ந்தது 0.02 மி.மீ., தலைமுடியின் கனத்தில் கால் பங்கு சுமார். ஆனால் இடுக்கின் பரப்பு 0.40-இலிருந்து 0.48-க்குப் போய்விடுகிறது. இருபது சதவீதம் கூடுதல் வழி, அதுவும் நாம் தினமும் ஓட்டும் திறப்பில். ஊசி மேலே ஏற ஏற இடுக்கு பெரிதாவதால் தேய்மானத்தின் பங்கு குறைந்துகொண்டே போகும். வண்டி வேகமாகப் போகும்போது நன்றாக இருந்து, ஊருக்குள் மட்டும் பெட்ரோல் குடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

என்னுடைய நீடில் ஜெட்டைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வட்டம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு முட்டை வடிவமாகியிருந்தது. ஊசியிலும் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்த கோடு. கார்புரேட்டரை எத்தனை முறை பெட்ரோல் ஊற்றிக் கழுவினாலும் இது சரியாகாது. ஊசியையும் நீடில் ஜெட்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஊசியை மட்டும் மாற்றினால் காசுக்குக் கேடு.

மாற்றிய பிறகுதான் ட்யூனிங். ஊசியின் தலையில் வரிசையாகக் காடிகள் இருக்கும், அதில் ஒரு சின்ன கிளிப். கிளிப்பை மேல் காடிக்கு மாற்றினால் ஊசி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் நிறைய. பக்கவாட்டில் இருக்கும் திருகாணியிலும் இதே குழப்பம்தான். அது ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே முறுக்கினால் பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கம் இருக்கும் கார்புரேட்டர்களில் நேர் எதிர். மிக்கார்ப்பில் இருப்பது முதல் வகை. பத்து கிலோமீட்டர் ஓட்டி இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிங் எங்கே அதிகமாகிறதோ அங்கே திருகாணியை நிறுத்திவிட்டு, ஸ்லைடைத் தாங்கி நிற்கும் திருகாணியால் வேகத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

எவ்வளவு பார்த்துப் பார்த்து ட்யூன் செய்தாலும், அது ட்யூன் செய்த ஊருக்குத்தான். மேட்டுப்பாளையத்தில் கச்சிதமாக இருக்கும் வண்டி ஊட்டி ஏறும்போது கரும்புகை விடும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். தொண்டையில் ஓடும் காற்றின் எடை குறைகிற அளவுக்குப் பெட்ரோலின் எடை குறைவதில்லை. கணக்குப் போட்டால் மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டியில் கலவையில் பெட்ரோல் சுமார் பத்து சதவீதம் கூடுதல். இன்ஜெக்‌ஷன் வண்டி இதைத் தானே சரிசெய்துகொள்ளும். நம் வண்டி அறியாது.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் எரிய ஒன்பது பங்கு காற்று போதும், அதனால் கலப்புப் பெட்ரோலுக்கு 14.7-க்குப் பதில் சுமார் 13.5. பழைய ஜெட் பழைய அளவுதான் விடும், ஆகவே கலவையில் பெட்ரோல் எட்டு சதவீதம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், நீடில் ஜெட் தேய்ந்த வண்டியில் ஒரு தப்பு இன்னொரு தப்பை ஓரளவு மறைக்கும். புது ஜெட் போட்டதும்தான் எத்தனாலின் குறை தெரிய ஆரம்பிக்கும். என் வண்டியில் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்க வேண்டியிருந்தது. பட்டறையில் குறைத்த மெயின் ஜெட்டையும் பழைய சைஸுக்கே மாற்றினேன். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு கம்மி, அதனால் 20 சதவீதக் கலப்பில் ஆறேழு சதவீத மைலேஜ் போகும். எந்த ஜெட்டாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சித்தப்பாவின் 35-க்கும் என் கணக்குக்கும் உள்ள இடைவெளியில் கொஞ்சம் இங்கேயே அடைபட்டுவிடுகிறது. பழைய ரப்பர் வாஷரும் பெட்ரோல் டியூபும் எத்தனால் பட்டு ஊறிப்போகும் என்பதால் அவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புது ஜோடி போட்டு, டேங்க்கை நிரப்பி, 200 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்தேன். 29. நல்ல முன்னேற்றம்தான், ஆனாலும் திருப்தியில்லை. அப்புறம் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினேன். முக்கால் சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் ஷூ டிரம்மோடு உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும், பாயிண்டோ எரிந்து குழியாகிக் கிடந்தது. வேகம் கூடும்போது தீப்பொறியை முன்கூட்டியே விழவைக்கும் ஸ்பிரிங்கும் எடைகளும் காய்ந்த கிரீஸில் இறுகிப் போயிருந்தன. தீப்பொறி தாமதமாக விழுந்தால், எரியும் வாயுவின் வேகம் பிஸ்டனைத் தள்ளாமல் சைலன்சர் வழியே வெளியே போகும். இந்த மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பத்து ரூபாய் உப்புத்தாளும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் வைத்துக்கொண்டு சரிசெய்தேன். அடுத்த டேங்க் 33.

சித்தப்பாவிடம் சொன்னேன். “நான் ஓட்டினா இன்னும் ரெண்டு வரும்” என்றார். வரலாம். அவர் 40-க்கு மேல் ஓட்டியதே இல்லை.