பெஷ்ஷிச் சுரங்கமும் சிவந்த செம்புக் கோலும்

ஒல்லாந்தர் 1785இல் கொழும்பில் வெளியிட்ட 4¾ ஸ்டைவர் (ஒல்லாந்த நாணய அலகு) பணம் வட்டக் காசு அல்ல. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை குத்திய செம்புக் கட்டித் துண்டு அது. அந்தக் காலத்தில் ஒல்லாந்தக் கம்பனி ஆசியாவில் விற்ற செம்பில் பெரும்பகுதி ஜப்பானின் நகசாகித் துறைமுகத்தில் கப்பலேறியது. அதற்குப் பெரிய ஊற்றாக இருந்தது ஷிகோகுத் தீவின் பெஷ்ஷிச் சுரங்கம். 1691இல் திறந்தது, 1698இல் மட்டும் 1,521 தொன் செம்பு தந்தது, 1973இல் மூடப்பட்டது.

அங்கே கிடைத்தது சால்கோபைரைட்டு என்ற செம்புத் தாது. தூய சால்கோபைரைட்டில்கூட எடைக்கு 34.6 சதவீதந்தான் செம்பு. மிச்சம் இரும்பும் கந்தகமும். வெட்டியெடுத்த கல்லில் செம்பே இல்லாத இரும்புப் பைரைட்டும் ஏராளம். ஆகவே இரும்பையும் கந்தகத்தையும் கழற்றுவதுதான் முழு வேலையும்.

முதலில் வறுத்தல். தாதைச் சிறு துண்டாக உடைத்து, விறகோடு சூளையில் அடுக்கி, ஒரு மாதத்துக்கு மேல் புகைய விடுவார்கள். தீ பிடித்துவிட்டால் கந்தகமே எரிபொருள். ஆனால் கந்தகம் முழுவதும் போய்விடக் கூடாது. செம்பு கந்தகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். இரும்போ ஒட்சிசனை நாடும். இந்தக் குணபேதம்தான் பிரிப்புக்குக் கைகொடுக்கிறது. அதிகம் வறுத்தால் செம்பும் ஒட்சைட்டாகி, உலைக் கழிவான கசடோடு போகும். குறைத்து வறுத்தால் உருகலில் இரும்பு மிஞ்சிவிடும். சூளைப்புகையும் விறகு வெட்டும் சேர்ந்து மலைச்சரிவை மொட்டையாக்கின. 1905இல் உருக்காலையை ஷிசாகாத் தீவுக்கு மாற்றியும் பயனில்லை. காற்று புகையைக் கரை வயல்களுக்கே கொண்டுபோனது.

அடுத்தது உலை. மரக்கரி, துருத்தி, அவற்றோடு சிலிக்காக் கல். இரும்பு ஒட்சைட்டு சிலிக்காவோடு சேர்ந்து, இளகிய கசடாக மேலே மிதக்கும். சிலிக்கா போதாவிட்டால் கசடு களிபோலத் தடித்து, செம்புத் துளிகளைத் தன்னுள் சிறைப்பிடிக்கும். கசடை வழித்தபின், கீழே கிடக்கும், செம்பும் கந்தகமும் சேர்ந்த சல்பைட்டு உருகலில் தண்ணீர் தெளித்து, இறுகும் மேற்படையைத் தகடு தகடாக உரித்தெடுப்பார்கள்.

தகடுகளை மறுபடி உருக்கி, மேலிருந்து காற்று ஊத வேண்டும். மிஞ்சிய இரும்பு முதலில் கழன்று போகும். பிறகுதான் கந்தகம் எரிந்து செம்பு பிறக்கும். ஊதலை எப்போது நிறுத்துவது என்பதில்தான் கைத்தேர்ச்சி இருக்கிறது. தாமதித்தால் செம்பே ஒட்சியேறி நொறுங்கும்.

ஒசாகா நகரில், வெள்ளி கலந்த செம்பிலிருந்து வெள்ளியைப் பிரிக்க, அதோடு ஈயத்தை உருக்கிச் சேர்த்தார்கள். அந்தக் கட்டியை மெல்லச் சூடாக்கினால், 327 பாகை செல்சியசிலேயே உருகும் ஈயம் வெள்ளியை இழுத்துக்கொண்டு வடியும். 1,085 பாகை கேட்கும் செம்பு இளகாமல் கிடக்கும்.

கடைசியில் வார்ப்பு. வெந்நீருக்குள் அமிழ்ந்த கோல் வடிவ அச்சில் துணி விரித்து, உருகிய செம்பை நீரின் ஊடாகவே ஊற்றினார்கள். உலோகத்தைச் சுற்றி உடனே நீராவிப் படலம் எழுவதால் அது மெதுவாக ஆறும். மேலே செம்பும் ஒட்சிசனும் சேர்ந்த மெல்லிய குப்ரஸ் ஒட்சைட்டுத் தோல் படியும். கோலின் செக்கச்சிவப்பு அந்தத் தோலின் நிறம். நகசாகிக்குப் போன மரப்பெட்டி ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 60 கிலோகிராம் கோல்கள். வெட்டிப் பார்த்தால் உள்ளே வழக்கமான செம்புதான்.