தொல்குடிகள் தம் பெயரிலேயே களமிறங்கலாமா?

விளையாட்டு வீரர்களின் பங்கேற்புத் தகுதி குறித்துச் சட்ட ஆலோசனை வழங்குபவன் என்ற முறையில், பழங்குடி மக்கள் சர்வதேசப் போட்டிகளுக்குத் தனி அணி அனுப்பலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் நான் முதலில் புரட்டுவது போட்டியை நடத்தும் அமைப்பின் விதிகளைத்தான். தனி அரசு இல்லாதவர்களுக்குத் தனி அணி எதற்கு என்று கேட்பவர்கள், விளையாட்டு உலகம் அந்த வரம்பை எப்போதோ தளர்த்திவிட்டதைக் கவனிப்பதில்லை. கிரிக்கெட்டில் பல சுதந்திர நாடுகள் ஒன்றுகூடி மேற்கிந்தியத் தீவுகள் அணியாக ஆடுகின்றன. கால்பந்தில் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் தனித்தனியே ஆடுகின்றன. அமெரிக்க ஆட்சிப் பகுதிகளான போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் ஒலிம்பிக்கில் தம் சொந்தக் கொடியுடனேயே அணிவகுக்கின்றன.

இந்த விவாதத்தின் மையத்தில் இருப்பது லக்ரோஸ். வலை பொருத்திய கோலால் பந்தை ஏந்தி எறிந்து ஆடும், வட அமெரிக்கத் தொல்குடிகள் உருவாக்கிய இந்த ஆட்டம், அமெரிக்கா–கனடா எல்லையின் இருபுறமும் வாழும் மோகாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா ஆகிய ஆறு இனங்களின் கூட்டமைப்பான ஹோடெனோஷோனி மக்களுக்கு வழிபாட்டோடும் பிணைந்தது. 1983இல் தம் அணியை உருவாக்கி, 1990 முதல் உலகச் சாம்பியன்ஷிப்பில் பங்கேற்கத் தொடங்கிய அவர்கள், 2014, 2018, 2023 ஆகிய மூன்று தொடர்களிலும் ஆடவர் பிரிவில் வெண்கலம் வென்றார்கள். அதாவது, இரக்கத்தால் இடம் கேட்கும் அணி அல்ல இது.

ஆனால் களத்துக்கு வெளியே நிலைமை வேறு. 2010இல் மான்செஸ்டரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்புக்குத் தம் கூட்டமைப்பின் கடவுச்சீட்டுடன் புறப்பட்ட வீரர்களுக்கு, அதே கடவுச்சீட்டில் அவர்கள் திரும்பி வருவதற்கு அமெரிக்க வெளியுறவுத் துறை ஒருமுறை விலக்கு அளித்த பிறகும், பிரிட்டன் விசா மறுத்தது. அமெரிக்கக் கடவுச்சீட்டில் பயணம் செய்வதை அவர்கள் ஏற்காததால் அந்தத் தொடரையே இழந்தார்கள். 2022இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் நடந்த உலக விளையாட்டுகளுக்கும் அவர்கள் முதலில் அழைக்கப்படவில்லை. எதிர்ப்பு எழுந்ததும் அயர்லாந்து அணி தன் இடத்தை விட்டுக்கொடுத்தது. அயர்லாந்தின் பெருந்தன்மை பாராட்டத்தக்கதே என்றாலும், ஓர் அணியின் உரிமை மற்றோர் அணியின் நல்லெண்ணத்தை நம்பியிருப்பது விதியின் குறைபாட்டையே காட்டுகிறது.

லக்ரோஸ் இடம்பெறும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் இதே சிக்கல்தான். தேசிய ஒலிம்பிக் குழுக்களே அணிகளை அனுப்ப முடியும். 1996 முதல், சர்வதேசச் சமூகம் அங்கீகரித்த சுதந்திர அரசுக்கு மட்டுமே புதிய குழு அமைக்கும் வாய்ப்பு உண்டு. போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அதற்கு முன்பே நுழைந்துவிட்டன. 2023 டிசம்பரில் அமெரிக்க அதிபர் பைடன் ஹோடெனோஷோனி அணிக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தும், வீரர்கள் அமெரிக்கா அல்லது கனடா அணியில் ஆடலாம் என்பதே சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிலைப்பாடாக இருந்தது.

ஓர் அணிக்குக் கதவைத் திறந்தால் நூறு குழுக்கள் வரிசையில் நிற்கும் என்ற அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. எனினும், தனக்கென நிர்வாக அமைப்பு, சர்வதேசக் கூட்டமைப்பில் முழு உறுப்பினர் தகுதி, பல ஆண்டுத் தொடர் பங்கேற்பு ஆகிய மூன்றையும் நிபந்தனையாக்கி, அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் இடமளித்தால் வரிசை மிகக் குறுகிவிடும். தொல்குடிகள் தம் விளையாட்டுகளையும் மரபு ஆட்டங்களையும் பேணும் உரிமையை தொல்குடிகளின் உரிமைகள் குறித்த 2007ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனத்தின் 31ஆம் பிரிவு கூறுகிறது; அதை ஏற்ற அரசுகள் இதை எதிர்க்கக் காரணம் காண்பது கடினம்.

தனி அணி எல்லோருக்கும் தேவை என்பதும் என் வாதமல்ல. நியூசிலாந்தில் தொல்குடியான மாவோரி வீரர் தேசிய ரக்பி அணிக்கும் மாவோரி அணிக்கும் ஆட முடிகிறது. ஆஸ்திரேலியாவின் தொல்குடி ஓட்ட வீராங்கனை கேத்தி ஃப்ரீமன் 1994 காமன்வெல்த் போட்டியில் தேசியக் கொடியையும் தொல்குடிக் கொடியையும் சேர்த்தே ஏந்தினார். தேர்வு வீரருடையதாக இருக்க வேண்டும்.

இத்தகைய அணியில் சேரும் இளம் வீரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலகச் சாம்பியன்ஷிப்பில் ஒரு நாட்டுக்காக ஆடியபின் குடியுரிமை மாறி வேறு நாட்டுக்காக ஒலிம்பிக்கில் ஆட, பொதுவாக மூன்றாண்டு இடைவெளி தேவை. சம்பந்தப்பட்ட அமைப்புகள் ஒப்பினால் அதைக் குறைக்கலாம். உங்கள் அணிக்கு ஆடுவது இந்த விதிக்குள் வருமா என்பதையும், எந்தக் கடவுச்சீட்டைப் போட்டி நடக்கும் நாடு ஏற்கும் என்பதையும், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே எழுத்துவடிவில் கேட்டுப் பெறுங்கள்.