ஆலையின் ரொக்கம் கூடினால் நல்ல காலமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜேக்கப்ஸ், பைன்டவுன் பக்கத்து ஆலைகளுக்குச் சரக்கு கொடுக்கும் சிறு தொழில்காரர்கள் பலர், வாங்குபவரின் ஆண்டறிக்கையில் ரொக்கம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு மூன்று மாதக் கடனுக்கு ஒத்துக்கொள்கிறார்கள். இது ஆபத்தான பழக்கம்.

ஆலை பணம் கொடுத்துத் துணியோ எஃகோ வாங்குகிறது. அது சரக்காகி, கடனுக்கு விற்று, 60 அல்லது 90 நாள் கழித்துத் திரும்பவும் பணமாகிறது. ஆர்டர் குறைந்தால் முதலில் நிறுத்துவது மூலப்பொருள் கொள்முதலைத்தான். பழைய பில்களுக்கான பணமோ வந்துகொண்டே இருக்கும். அதனால் மந்தம் தொடங்கும் மாதங்களில் வங்கியிருப்பு பெருகும்! வேலை சூடுபிடிக்கும்போது நேர்மாறு: நூல், ரசாயனம், ஓவர்டைம் கூலி எல்லாம் முன்னே போகும், விற்ற காசு பின்னே வரும். 2023 நவம்பரில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் உதிரிபாகங்களைக் கூடுதலாக வாங்கி அடுக்கும் ஆலைக்கு, விற்பனை குறையாமலே ரொக்கம் கரையும்.

ஆலை பணத்தைப் போட்டு வைத்திருக்கும் பத்திரங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து சுமார் மூன்று மாதத்துக்குள் முதிர்பவையே ரொக்கத்துக்கு இணையானவை என்ற கணக்கில் வரும். 182 நாள் கருவூல உண்டியல் (அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம்) வேறு தலைப்புக்குப் போய்விடும். ஒரு சென்ட்கூடச் செலவாகாமல் ரொக்கம் இறங்கியதுபோல் தெரிவது இதனால்தான். தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி, 2020 ஜூலையில் 3.5 சதவீதம், 2023 மே மாதத்தில் 8.25. வட்டி இந்த அளவு ஏறும்போது பணத்தைச் சும்மா வைத்திருக்க எந்த நிதி மேலாளருக்கும் மனம் வராது; கருவூல உண்டியலில் போடுவார், இல்லையென்றால் ஓவர்டிராஃப்டை (வங்கிக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுத்த கடனை) அடைப்பார்.

கணக்கு இப்படிப் போடுங்கள். ரொக்கம் 1.2 கோடி ரேண்ட், குறுகிய காலப் பத்திரங்கள் 60 லட்சம், ஓவர்டிராஃப்ட் 50 லட்சம் என்றால், மிச்சம் 1.3 கோடி. கூலி, மின்சாரம், வாடகைக்கு மாதம் 65 லட்சம் ஆகிறதென்றால் இரண்டு மாதம் தாங்கும். இனி பின்குறிப்புகளைப் புரட்டுங்கள். வங்கி உத்தரவாதத்துக்காக 40 லட்சம் முடக்கப்பட்டிருந்தால் ஆறு வாரம்தான். அறிக்கையின் முகப்புப் பக்கத்தில் இது தெரியாது.

ஆண்டு முடிவு நாளைக் கவனியுங்கள். பிப்ரவரி 28-க்குக் கணக்கை முடிக்கும் ஆலை, உங்கள் பில்லை மார்ச்சுக்குத் தள்ளினாலே போதும், ரொக்கம் கொழுத்துக் காட்டும். வசூலித்து இன்னும் கட்டாத 15 சதவீத வாட் வரியும் அந்தத் தொகைக்குள்தான் உட்கார்ந்திருக்கும். சரக்கு கொடுத்தவர்களுக்கு ஆலை கொடுக்க வேண்டிய பாக்கியை ஆண்டுக் கொள்முதலால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள்; எத்தனை நாள் கழித்துப் பணம் கொடுக்கிறார்கள் என்று தெரியும். போன ஆண்டு 45 நாள், இந்த ஆண்டு 75 நாள் என்று வந்தால், அவர்கள் காட்டும் ரொக்கத்தில் ஒரு பங்கு உங்கள் பணம்.

நாட்டளவிலும் இதே பார்வை வேண்டும். உதாரணத்துக்கு, அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை உற்பத்தி நிறுவனங்களின் ரொக்கத்தையும் பத்திரங்களையும் காலாண்டுதோறும் வெளியிடுகிறது. ரொக்கம் ஏறி, சரக்கும் இயந்திர முதலீடும் இறங்கினால் முதலாளிகள் பயந்து காத்திருக்கிறார்கள். ரொக்கம் இறங்கி மற்ற இரண்டும் ஏறினால் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். மூன்றும் சேர்ந்து இறங்கும் காலாண்டில், புதிய ஆர்டருக்குப் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்டு வாங்குங்கள்.