தப்பியோடியவர்களைத் தேடிய விளம்பரங்கள்

அமெரிக்காவில் அடிமைமுறை இருந்த காலத்துச் செய்தித்தாள்களைத்தான் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டார்களே, தப்பி ஓடிய அடிமை ஒருவரின் பெயரைத் தட்டினால் அவரைத் தேடிக் கொடுத்த விளம்பரம் வந்துவிடாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பல சமயம் வராது. ஸ்கேன் என்பது வெறும் படம். மென்பொருள் அதிலுள்ள கறுப்பு வடிவங்களைப் பார்த்து எழுத்தை ஊகிக்கிறது. மை கசிந்த தாள், தேய்ந்த அச்சு, போதாததற்கு 18ஆம் நூற்றாண்டு அச்சில் ‘எஃப்’ போலவே இருக்கும் நீண்ட ‘எஸ்’. எல்லாம் சேர்ந்தால் திணறிவிடும்.

அதனால்தான் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ‘ஃப்ரீடம் ஆன் த மூவ்’ தளத்தில் தன்னார்வலர்கள் இந்த விளம்பரங்களைப் படித்துத் தட்டச்சு செய்கிறார்கள். அப்புறம் பெயர், வயது, தொழில் என்று விவரங்களைப் பிரித்துப் பதிகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: விளம்பரத்தைக் கொடுத்தவர் அடிமையின் உரிமையாளர். ஆள் பிடிபட வேண்டுமானால் அடையாளத்தில் அவரால் பொய் சொல்ல முடியாது. 1769இல் ‘வர்ஜீனியா கெசட்’டில் சாண்டி என்பவரைத் தேடி ஒரு விளம்பரம் வந்தது. காலணி தைப்பவர், இடது கைப் பழக்கம், தச்சு வேலையும் தெரியும், குதிரையோடு தொழில் கருவிகளையும் எடுத்துப் போயிருக்கிறார். பிழைக்க வழி யோசித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார் என்பது அந்த ஒரு விவரத்திலேயே தெரிகிறது. விளம்பரம் கொடுத்தவர் தாமஸ் ஜெஃபர்சன். அதற்கு ஏழே ஆண்டுகள் கழித்து அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர்.

ஏன் ஓடினார் என்று சொல்லும் வரியைத்தான் நம்பக் கூடாது. 1796 மே மாதம் பிலடெல்பியாவில் அதிபர் வாஷிங்டனின் வீட்டிலிருந்து ஓனா ஜட்ஜ் என்ற அடிமைப் பெண் தப்பினார். அவர் ஓடுவதற்குக் காரணமே இல்லை என்றது விளம்பரம். 1840களில் அவரே பத்திரிகைக்குச் சொன்னது வேறு: வாஷிங்டனின் சொந்த இடமான வர்ஜீனியாவுக்குத் திரும்பினால் விடுதலையே கிடைக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, எஜமானியின் பேத்திக்கு அடிமையாக மாட்டேன் என்று உறுதியாகவும் இருந்தார். கடைசிவரை அவர் பிடிபடவில்லை.

ஒரு விளம்பரம் ஒருவரின் கதை. ஆயிரக்கணக்கில் பிரித்து வைத்தால்தான், எழுதத் தெரிந்து, எஜமானர் தந்தது போலப் போலிப் பயண அனுமதிச்சீட்டோடு போனவர்கள் யார், விற்கப்பட்ட மனைவியையோ தாயையோ தேடிப் போனவர்கள் யார் என்று கேட்க முடியும். ஸ்கேனருக்குப் பணம் ஒதுக்குபவர்கள் இந்தப் படிக்கும் வேலைக்கும் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. அப்போதும் சில நாள் காட்டில் ஒளிந்திருந்து திரும்பியவர்கள் பலர் இதில் அகப்பட மாட்டார்கள், அவர்களுக்காக யாரும் விளம்பரம் கொடுக்கவில்லை. அவர்களைப் பெருந்தோட்டக் கணக்கேடுகளிலும் சிறைப் பதிவேடுகளிலும்தான் தேட வேண்டும்.