கம்பெனி நொடிப்பு வழக்கில் வக்கீல் கோட்டை விட்டால்

ஒரு நூல் மில்லுக்குப் பஞ்சு கொடுத்த வியாபாரியிடமிருந்து 'படிவம் 3' என்று தலைப்பிட்ட நோட்டீஸ் வருகிறது. மில் முதலாளி அதைச் செக் பவுன்ஸ் நோட்டீஸ் மாதிரி நினைத்து ஆடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். ஆடிட்டர் தனக்குத் தெரிந்த வக்கீலுக்கு அனுப்புகிறார். "பார்த்துக்கலாம் விடுங்க" என்று பதில் வருகிறது. பல்லடம், சோமனூர், பெருந்துறைப் பக்கம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. அந்த நோட்டீஸ் 2016-ஆம் ஆண்டு நொடிப்பு, திவால் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி வந்தது. பதில் சொல்ல அவகாசம் 10 நாள். கை மாறுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

நான் கோவையில் வங்கிக் கடன், கம்பெனி நொடிப்பு வழக்குகள் பார்க்கிற வக்கீல். என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் கணிசமானவர்கள் வேறொருவர் நடத்திய வழக்கின் கட்டோடு வருகிறவர்கள். "முன்னே பார்த்த வக்கீல் மேல கேஸ் போட முடியுங்களா?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. முடியும். ஆனால் எதற்காக, யார், எங்கே என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தொழில் நடத்துகிறவர்களுக்கு அது முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதிச் சேதத்தைத் தவிர்க்கலாம்.

அந்த 10 நாள் பதிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சரக்கிலோ கணக்கிலோ ஏற்கெனவே தகராறு இருந்தால் சப்ளையர் போடும் நொடிப்பு மனு நிற்காது. மொபிலாக்ஸ் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நோட்டீஸ் வருவதற்கு முன்பே தகராறு இருந்திருக்க வேண்டும், அது வெறும் சாக்காக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நான் பார்த்த ஒரு கட்டில், பஞ்சில் ஈரமும் தூசியும் அதிகம் என்று லோடு இறங்கிய வாரமே மில்லிலிருந்து மெயில் போயிருக்கிறது. லேப் ரிப்போர்ட்டும் இருந்தது. வக்கீல் அனுப்பிய பதிலில் இரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. "எமது கட்சிக்காரர் தற்சமயம் நிதி நெருக்கடியில் இருப்பதால், தாங்கள் கோரும் தொகையைத் தவணை முறையில் செலுத்த ஆறு மாத அவகாசம் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று மட்டும் இருந்தது. சிவில் கோர்ட்டில் பேசித் தீர்க்க இந்த மாதிரிக் கடிதம் உதவும். இங்கே அது கடனை ஒப்புக்கொண்ட சாட்சி. இனி அந்த மெயிலைக் காட்டினாலும், நீங்களே தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்களே என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்தச் சட்டம் தெரிந்த வக்கீல் முதலில் இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்ப்பார். 2020 மார்ச் 24 முதல் குறைந்தபட்சப் பாக்கி 1 கோடி ரூபாய் இருந்தால்தான் மனுவே போட முடியும். தகராறு உள்ள பில்களைக் கழித்தால் அந்தக் கோட்டுக்குக் கீழே போகிறதா? அடுத்தது பாக்கி விழுந்த தேதி. 2020 மார்ச் 25 முதல் ஓர் ஆண்டுக்குள் விழுந்த பாக்கிக்கு 10-ஏ பிரிவின்படி எந்தக் காலத்திலும் நொடிப்பு மனு போட முடியாது. கோவிட் காலத்தில் தவணை தவறிய கம்பெனிகள் நம் பக்கம் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். மனுவில் போட்டிருக்கும் அந்தத் தேதியை வக்கீல் படிக்காமல் விட்டால், அதைக் கவனக்குறைவு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

வங்கி வழக்குகளில் இதே மாதிரி ஓர் இடம் ஓடிஎஸ் கடிதம், அதாவது கடனை ஒரே தவணையில் பேசி முடித்துக்கொள்ளக் கேட்கும் கடிதம். நொடிப்பு மனுவுக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. பழைய கடனுக்கு அது முடியப்போகிற நேரத்தில், "ஒரே தவணையில் முடித்துக்கொள்கிறோம்" என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தால், அதையே கடனை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு காலவரம்பு புதிதாக ஓட ஆரம்பித்துவிடலாம். பேலன்ஸ் ஷீட்டில் காட்டும் கடனும் அப்படியே. 2021-இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் சொல்லியிருக்கிறது. ஓடிஎஸ் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தத் தேதியில் கேட்கிறோம் என்பதை வக்கீல் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

சரி, மனுவைத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக் கம்பெனிகளுக்குத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் (என்சிஎல்டி) சென்னை ராஜாஜி சாலையில் இருக்கிறது. அன்றைக்கே இயக்குநர் குழுவின் அதிகாரம் நின்றுபோகும். நிர்வாகம் தீர்ப்பாயம் நியமிக்கும் இடைக்காலத் தீர்வு அலுவலர் கைக்குப் போகும். மேல்முறையீட்டுக்கு 30 நாள், அதற்குமேல் காரணம் சொன்னால் 15 நாள். 46-ஆவது நாள் போனால் கதவு மூடிவிடும். உத்தரவு நகல் கையில் வந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்துதான் கணக்கு என்று நாகராஜன் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது. நகலுக்கு உடனே மனுப் போட்டிருந்தால் அது தயாராக எடுத்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். மனுவே போடாமல் காத்திருந்தவருக்கு எதுவும் கழியாது.

இங்கே அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, கம்பெனி பெயரிலேயே மேல்முறையீடு போடுவது. அதிகாரம் நின்றுபோன இயக்குநர் கம்பெனிக்காக வக்காலத்தில் கையெழுத்துப் போட முடியாது. இன்னோவென்டிவ் வழக்கில் 2017-இலேயே அது முடிந்துபோன விஷயம். பாதிக்கப்பட்ட இயக்குநராகவோ பங்குதாரராகவோ தன் சொந்தப் பெயரில் போட வேண்டும். தப்பான பெயரில் போட்டு, அது திரும்பி வந்து, சரிசெய்வதற்குள் 45 நாள் முடிந்துவிட்டால் அது யாருடைய தவறு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, எனக்கு அதிகம் வருத்தம் தரும் இடம். நம் பக்கத்துப் பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். அப்பா நிர்வாக இயக்குநர், அம்மாவும் மகனும் இயக்குநர்கள், மச்சினன் ஜாமீன் கையெழுத்து, அடமானத்துக்குத் தோட்டத்துப் பூமி. வழக்கு வந்ததும் ஒரே வக்காலத்தில் கம்பெனி முத்திரை, அதற்குக் கீழே அப்பா, அம்மா, மகன், மச்சினன் என்று வரிசையாகக் கையெழுத்து. ஒரே வக்கீல், ஒரே பீஸ். எல்லோரும் ஒரே பக்கம்தானே என்று நினைக்கிறார்கள். ஒரே பக்கம் இல்லை. கம்பெனிக்கு எதிரான நடவடிக்கைகளை நொடிப்பு வழக்கு நிறுத்திவைக்கும். ஜாமீன் போட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 2018-இல் ராமகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். கம்பெனியை வேறொருவர் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் பாதிப் பணம் கட்டினாலும், மீதிக்கு வங்கி ஜாமீன்தாரரைத் துரத்தலாம் என்று 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் வந்துவிட்டது.

அதனால், "நாமே மனுப் போட்டுக் கம்பெனியை நொடிப்புக்குள் கொண்டுபோய்விடலாம், வங்கித் தொல்லை நின்றுவிடும்" என்று ஒரு வக்கீல் சொன்னால், அது கம்பெனிக்கு நல்ல யோசனையாக இருக்கலாம், மச்சினனுக்கு நாசமாகவும் முடியலாம். அந்த வித்தியாசத்தை மச்சினனைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லும் கடமை அந்த வக்கீலுக்கு உண்டு. வேறு வக்கீல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் பெரும்பாலும் நியாயம் இருக்கும். அமெரிக்காவில் திவால் கம்பெனிக்கு வக்கீல் வைக்கவே நீதிமன்ற அனுமதி வேண்டும். யாரோடு என்ன தொடர்பு என்று அவர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். நமக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லாததால் கட்சிக்காரர்தான் கேட்டு வாங்க வேண்டும்: நீங்கள் யாருக்கு வக்கீல், எனக்கா கம்பெனிக்கா? பதிலை ஒரு மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வக்கீல் மேல் வழக்குப் போடும் நிலை வந்தால் அந்த மெயில் இல்லாமல் ஒன்றும் நகராது.

ஏனென்றால், கம்பெனிக்குத் தப்பான ஆலோசனை சொல்லி அதனால் கம்பெனி நஷ்டப்பட்டால், நஷ்ட ஈடு கேட்கும் உரிமை கம்பெனியுடையது. கம்பெனி கலைப்புக்குப் போய்விட்டால் அந்த உரிமையும் கலைப்பாளர் கைக்குப் போய்விடும். முதலாளி தன் பெயரில் அதைக் கேட்க முடியாது. தனக்கும் அவர்தான் வக்கீல் என்று காட்டினால் தன் சொந்த நஷ்டத்தைக் கேட்கலாம்.

தோட்டத்துப் பூமி என்றேன். கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தருவது சர்பாசி சட்டம். விவசாய நிலத்தின் மேல் அந்தச் சட்டத்தில் வங்கி கை வைக்க முடியாது. ஆனால் அங்கே உண்மையில் விவசாயம் நடக்கிறது என்று காட்ட வேண்டியவர் கடன் வாங்கியவர். சிட்டா, அடங்கல், மின் இணைப்பு எல்லாம் எடுத்து வைத்து, வங்கி நடவடிக்கை எடுத்த 45 நாளுக்குள் கோவையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் போக வேண்டும். என்சிஎல்டி கேஸைப் பார்த்துக்கொண்டே இதை மறந்த கட்டுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

சொந்தக்காரரின் கைமாத்தை முதலில் அடைப்பதும் நம் ஊர்ப் பழக்கம். தொழில் தள்ளாடும்போது வங்கிக்குக் கட்டாமல் பங்காளிக்குக் கட்டிவிடுவார்கள். "கட்டலாமுங்களா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டுவார்கள். நெருங்கிய தொடர்புடையவருக்கு, மனு ஏற்கப்படுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் இப்படிக் கொடுத்ததை முன்னுரிமைப் பட்டுவாடா என்று ரத்து செய்து திரும்பக் கேட்கலாம். யோசிக்காமல் "கட்டுங்க" என்று சொல்லும் வக்கீல் பங்காளியையும் வழக்கில் இழுத்துவிடுகிறார்.

கம்பெனியாகப் பதியாத பார்ட்னர்ஷிப் நிறுவனம், தனி உரிமையாளர் கடை என்றால் கதை வேறு. அவர்களுக்கு இன்னும் 1920-ஆம் ஆண்டுச் சட்டம்தான், நம் ஊரில் மஞ்சக் கடுதாசி என்கிறோமே, அது. திருப்பூர் பனியன் யூனிட்டுகளில் பல இந்த வகை. அவர்களை என்சிஎல்டிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி யாராவது பீஸ் வாங்கினால் முதலில் காரணம் கேளுங்கள்.

இப்போது, எங்கே போவது? நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. வக்கீலின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதைப் படித்துவிட்டு வக்கீலை ஒன்றும் செய்ய முடியாது என்று பேசுகிறார்கள். தப்பு. சிவில் வழக்குப் போட எந்தத் தடையும் இல்லை. கவனக்குறைவுக்காக வக்கீல் மேல் வழக்குத் தொடரலாம் என்று 1926-ஆம் ஆண்டு வழக்கறிஞர் கட்டணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டு. தமிழ்நாட்டில் கோர்ட் பீஸ் 3 சதவீதம். 1 கோடி கேட்டால் 3 லட்சம் கட்ட வேண்டும்.

பணத்தைவிடக் கஷ்டம் நிரூபிப்பது. வக்கீல் தவறினார் என்று காட்டினால் மட்டும் போதாது. அவர் சரியாகச் செய்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று காட்ட வேண்டும். அந்தப் பஞ்சு வழக்கில் மெயிலும் லேப் ரிப்போர்ட்டும் இருந்ததால் பேச இடம் இருக்கிறது. தகராறே இல்லாத பாக்கிக்கு 10 நாளில் பதில் போட்டிருந்தாலும் மனு ஏற்கப்பட்டிருக்கும். அப்போது நஷ்டம் வக்கீலால் வந்ததில்லை. சட்டத்தை ஒரு விதமாகப் புரிந்து நேர்மையாக வாதாடித் தோற்றதும் கவனக்குறைவு ஆகாது. கணக்கை மறைத்துவிட்டு வக்கீலைக் குறை சொல்லும் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பார் கவுன்சில் புகார் தனி. சென்னையில் உள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு எழுதலாம். கண்டிக்கலாம், தொழிலிலிருந்து இடைநீக்கலாம், பதிவையே நீக்கலாம். நஷ்டத்துக்குப் பணம் வாங்கித் தருவது அதன் வேலை இல்லை.

கடைசியாகக் கேஸ் கட்டு. பீஸ் பாக்கி இருக்கிறது என்று சொல்லிக் கட்டைத் தர மறுக்கிறார் என்று பலர் வருகிறார்கள். பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பீஸுக்கு அவர் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம். கேட்பதைப் பதிவுத் தபாலில் கேளுங்கள், மெயிலிலும் அனுப்புங்கள். அதற்கிடையில் புது வக்கீல் மூலம் தீர்ப்பாயத்தில் உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே மனுப் போட்டுவிடுங்கள். கட்டு கைக்கு வரும்வரை அந்த 30 நாள் நிற்காது.