கொத்துக்குள் இருக்கும் சுருள் திரளுக்கு அந்தச் சூத்திரம் வேண்டாம்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. மதிப்பாய்வுக்கு வந்த கட்டுரை வரைவில், கொத்துக்குள் (விண்மீன் திரள்கள் ஈர்ப்பால் சேர்ந்திருக்கும் கூட்டத்துக்குள்) இருக்கும் ஒரு சுருள் விண்மீன் திரளின் 1.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அளவை எடுத்து, ரேடியோ ஒளிர்விலிருந்து விண்மீன் உருவாக்க வீதத்தைக் கணிக்கத் தனித்த திரள்களுக்காக வகுத்த சூத்திரத்தில் போட்டு, விண்மீன் உருவாக்கம் இரு மடங்கு என்று முடித்திருக்கிறார்கள். அதே அட்டவணையில், பக்கத்திலேயே, விண்மீன் பிறப்பைக் காட்டும் இன்னொரு அளவான தொலை அகச்சிவப்பு இருக்கிறது. அது உயரவே இல்லை! எழுதியவர்கள் அதை ஒருமுறை பார்த்திருக்கக் கூடாதா?

இந்த அதிர்வெண்ணில் நாம் அளப்பது பெரும்பாலும் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு, அதாவது காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலக்ட்ரான்கள் உமிழ்வது. சூப்பர்நோவா (வெடித்த விண்மீன்) எச்சங்கள் முடுக்கிவிட்ட எலக்ட்ரான்கள் ஒரு பாதி, காந்தப்புலம் மறுபாதி. தனித்த திரளில் இரண்டும் விண்மீன் பிறப்போடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் ரேடியோவும் அகச்சிவப்பும் கைகோத்துப் போகின்றன. கொத்துக்குள் அந்தப் பிடி தளர்கிறது. பல கோடி டிகிரி வெப்பமுள்ள வாயுவுக்குள் நொடிக்கு 1,000 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் திரள் பாயும்போது காந்தப்புலம் நசுங்குகிறது. புலம் இரட்டித்தால், ஓர் எலக்ட்ரான்கூட அதிகமாகாமலே ஒளிர்வு 3 மடங்கைத் தாண்டும். புதிதாக ஒரு விண்மீன்கூடப் பிறந்திருக்க வேண்டியதில்லை. மாணவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது.

கன்னிக் கொத்திலுள்ள என்.ஜி.சி. 4522 என்ற சுருள் திரளைப் பாருங்கள். அதன் விண்மீன் தட்டு குலையாமல் இருக்கிறது. வாயு மட்டும் மையத்தையொட்டிச் சுருங்கி, மேற்கே தள்ளப்பட்டிருக்கிறது. முனைவாக்கப்பட்ட (அலைகள் ஒரே திசையில் அதிரும்) ரேடியோ ஒளியோ எதிரே, கிழக்கு விளிம்பில், ஒரு கீற்றாகக் குவிந்திருக்கிறது. கொத்தின் வாயு எதிர்க்காற்றாக மோதும் பக்கம் அதுதான். விண்மீன்கள் எங்கே பிறக்கின்றன என்பதை அந்தக் கீற்று காட்டுவதில்லை. (முனைவாக்கத் தரவு கையில் இருந்தும் அதைத் திறந்துகூடப் பார்க்காதவர்களை என்ன சொல்வது?) இன்னொரு விஷயம்: இதே கொத்தின் சில திரள்களில், மோதும் பக்கத்து வெளிவிளிம்பில் ரேடியோ எதிர்பார்த்ததைவிடக் குறைவு. மொத்த அளவு மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

ஆகவே, அகச்சிவப்போ புற ஊதாவோ இல்லாமல் ரேடியோவை மட்டும் வைத்து விண்மீன் உருவாக்க வீதம் எழுதாதீர்கள். கூடுதல் ஒளிர்வைக் கண்டதும் மையக் கருந்துளையின் தலையில் கட்டாதீர்கள். படத்தில் அது மையத்தில் புள்ளியாக இருக்கிறதா, தட்டெங்கும் பரவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வி.எல்.ஏ. என்ற அமெரிக்க ரேடியோ தொலைநோக்கித் தொகுதியின் ஆண்டெனாக்களை அகலப் பரப்பி எடுத்த படத்தில் பரந்த மங்கல் ஒளி தொலைந்துபோகும். நெருக்கமான அமைப்பில் எடுத்த தரவையும் சேருங்கள்.

திரளுக்குப் பின்னால் ரேடியோ வால் இருந்தால் தயவுசெய்து இன்னும் கொஞ்சம் பொறுமை காட்டுங்கள். அங்கே தெரிவது பெரும்பாலும் தட்டிலிருந்து அடித்துச் செல்லப்பட்ட பழைய எலக்ட்ரான்கள். தொலைவு கூடக்கூட அவை ஆற்றல் இழப்பதால் உயர் அதிர்வெண் முதலில் மங்கும். ஐரோப்பாவின் தாழ் அதிர்வெண் ரேடியோ தொலைநோக்கியான லோஃபாரின் 144 மெகாஹெர்ட்ஸ் படத்தில் நீளும் வால் 1.4 கிகாஹெர்ட்ஸில் குட்டையாகத் தெரிவது அதனால்தான். இரண்டு படங்களையும் ஒரே பிரிதிறனுக்குக் கொண்டுவந்து, நிறமாலைச் சரிவை (அதிர்வெண் கூடும்போது ஒளிர்வு எவ்வளவு குறைகிறது என்பதை) கணக்கிட்ட பிறகு வரைவை அனுப்புங்கள்; காத்திருக்கிறேன்.