குறுக்கீட்டுப் பங்கீடு: ‘பகிர்வு’ ஏன் வேண்டாம்?

தமிழ்க் கணினி வழிகாட்டிகளில் ‘இடையூறு பகிர்வு’ என்று இன்னொரு தடவை படித்தால் தாங்காது, அதனால்தான் இதை எழுதுகிறேன். நெட்வொர்க் கார்டிலிருந்து வரும் இன்டரப்டுகள் (‘வேலையை நிறுத்திவிட்டு என்னைக் கவனி’ என்ற அழைப்புகள்) செயலியின் ஒரே கோரில், அதாவது ஒரே கணக்கிடும் பகுதியில், குவியாமல் பல கோர்களுக்குப் பிரித்துவிடும் ஏற்பாட்டுக்குத்தான் இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். இரண்டு சொல்லுமே தப்பு. முதலாவது சின்னத் தப்பு, இரண்டாவது படிப்பவரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும்.

இன்டரப்ட் லத்தீனிலிருந்து வந்தது. ‘இன்டர்’ என்றால் இடையே, ‘ரும்பெரே’ என்றால் உடைத்தல். பாக்கெட், அதாவது நெட்வொர்க்கில் வரும் தரவுத் துண்டு, வந்துவிட்டது என்று கார்டு சொல்கிறது, கோர் செய்துகொண்டிருந்ததை அப்படியே நிறுத்தி, அதைக் கவனித்து, விட்ட இடத்துக்குத் திரும்புகிறது. பேச்சில் ஒருவர் குறுக்கிடுவது போலத்தான். இடையூறு என்பதில் இருக்கும் ‘ஊறு’ தீங்கு. பாக்கெட் வந்ததைச் சொல்வது தீங்கா? சொல்லாமல் விட்டால்தான் தீங்கு. ஆக, குறுக்கீடு. இதில் பெரிய சண்டை வேண்டியதில்லை.

சண்டை ‘பகிர்வு’ மேல்தான். பகு என்ற வேரிலிருந்துதானே பகுதி, பாதி, பங்கு, பகிர் எல்லாம் வந்தன, பகிர்தல் என்றாலே பிரித்துக் கொடுப்பதுதானே என்பார்கள். வேர் சரி, மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்குக் கணினியில் பகிர் என்றால் யாருக்கு அப்படிப் புரிகிறது? கோப்பைப் பகிர்கிறோம், திரையைப் பகிர்கிறோம். கொடுத்தவரிடமும் இருக்கிறது, வாங்கியவரிடமும் இருக்கிறது. ஒன்றைப் பலர் சேர்ந்து வைத்துக்கொள்வது என்றே அந்தச் சொல் நிலைத்துவிட்டது. இங்கே நடப்பது அதற்கு நேர் எதிர். பாக்கெட்டுகள் காத்திருக்கப் பல வரிசைகள் உள்ள கார்டு, அனுப்புநர், பெறுநர் முகவரிகளையும் போர்ட் எண்களையும் வைத்து ஹாஷ் (அவற்றிலிருந்து பெறும் ஓர் எண்) கணக்கிட்டு, ஒரு இணைப்பின் பாக்கெட்டுகளை எல்லாம் ஒரே வரிசைக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் தனிக் குறுக்கீட்டு எண், அதைக் கவனிக்க ஒரு கோர். இவருக்கு இது, அவருக்கு அது என்று கொடுத்தாகிவிட்டது. அதுதான் பங்கீடு.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. குறுக்கீட்டைப் பகிர்வது என்று நிஜமாகவே வேறொரு விஷயம் உண்டு. சாதனங்களைக் கணினியோடு இணைக்கும் பழைய பிசிஐ அமைப்பில் கம்பிகள் போதாமல் இரண்டு மூன்று சாதனங்கள் ஒரே குறுக்கீட்டுக் கம்பியில் தொங்கும், மணி அடித்தால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒவ்வொரு டிரைவரிடமும் (சாதனத்தை இயக்கும் நிரல்) “உன்னுடையதா?” என்று கேட்க வேண்டும். பகிர்வு என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். அதையும் இதையும் ஒரே சொல்லால் சொன்னால் என்ன ஆகும்? ஆனதைப் பார்த்தேன். வேலைக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, தமிழ் வழிகாட்டியைப் படித்துவிட்டு, கார்டின் குறுக்கீட்டு எண்ணில் வேறு எந்தச் சாதனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அரை நாள் தேடிக்கொண்டிருந்தார். எந்தக் கோருக்கு எத்தனை குறுக்கீடு வந்தது என்று லினக்ஸ் காட்டும் ‘ப்ராக் இன்டரப்ட்ஸ்’ கோப்பைத் திறந்து காட்டினேன். கார்டின் வரியில் முதல் கோருக்கான பத்தியில் மட்டும் எண் ஓடிக்கொண்டே இருந்தது, பக்கத்துப் பத்திகள் எல்லாம் பூச்சியம். “ஓ, பங்கு பிரிக்கலையா அண்ணா?” என்றார். நான் சொல்லிக் கொடுக்காமலே அந்தச் சொல் அவர் வாயில் வந்தது.

‘பகிர்ந்தளித்தல்’ என்று எழுதுகிறவர்களோடு எனக்குத் தகராறு இல்லை, ‘அளித்தல்’ வந்து பொருளைக் காப்பாற்றிவிடுகிறது, நீளம்தான் குறை. கோபமெல்லாம் சொற்பட்டியலை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவர்கள் மேல். எந்தக் குறுக்கீடு எந்தக் கோருக்கு என்று குறிக்கும் அஃபினிட்டி அமைப்பை ‘ஈர்ப்பு’ என்று போடுகிறார்கள். அந்த இடத்தில் 1 என்று எழுதினால் முதல் கோர், 2 என்றால் இரண்டாவது, 4 என்றால் மூன்றாவது. இதில் எது எதை ஈர்க்கிறது? ‘கோர் ஒதுக்கீடு’ என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். கெர்னலுக்கும் ‘கரு’, கோருக்கும் ‘கரு’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. ‘கரு இடையூறுகளைக் கருக்களுக்குப் பகிர்கிறது’ என்ற வரியை இரண்டு முறை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. ‘கெர்னல் குறுக்கீடுகளைக் கோர்களுக்குப் பங்கிடுகிறது’ என்று எழுதியிருந்தால் ஒரு முறையே போதும்.